மடிக்கணினியின் பாட்டரி திடீரென்று ஓய்ந்துபோவது ஏன்?

ஒருவர் மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையின் ஓரத்தில் பாட்டரியின் குறி 35 விழுக்காடு என்று காட்டுகிறது. இன்னும் ஒரு மணி நேரமாவது தாங்கும் என்று நம்பி அவர் வேலையில் ஆழ்ந்திருக்கிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் திரை இருண்டுவிடுகிறது. முன்னெச்சரிக்கை ஏதும் வரவில்லை. எழுதியதைச் சேமிக்கவும் அவகாசம் இல்லை. மின்னேற்றியைச் செருகி மீண்டும் இயக்கிப் பார்த்தால், அதே குறி இப்பொழுது 3 விழுக்காடு என்று சொல்கிறது. 35இல் 32 எங்கே போயிற்று?

மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இக்கேள்வி எழாத மாணவர் வீடு குறைவு. தமிழ்நாட்டு அரசு, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிற்று. அதன்பின் ஆண்டுதோறும் வந்த கணினிகள் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி முதலிய ஊர்களில் அக்காளிடமிருந்து தங்கைக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் கைமாறின. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல வீடுகளில் அந்தப் பழைய கணினியே வகுப்பறை ஆயிற்று. பிந்திய ஆண்டுகளில் வழங்கப்பட்டவை இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கு ஒன்றே உள்ள கணினி, பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய வேண்டிய கடைசி நேரத்தில் அணைந்துபோனால் அதன் விளைவு என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதனினும் வருத்தம் தருவது ஒன்றுண்டு. இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்ததும், கணினியே கெட்டுவிட்டது என்று கருதிப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். கெட்டது கணினி அன்று. அதன் ஓர் உறுப்பு மட்டுமே. அந்த உறுப்பும் எந்த வகையில் கெட்டது என்று தெரிந்தால், சில வேளை காசு செலவில்லாமலே இன்னும் ஓராண்டு காலம் அதனைக் கொண்டு காரியம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். காணாமற்போன அந்த 32 பங்கு எங்கும் போய்விடவில்லை. ஒன்று, அது தொடக்கத்திலிருந்தே அங்கு இல்லை. அல்லது அது உள்ளேதான் இருக்கிறது, வெளியே வர வழியில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். பழைய பாட்டரியில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நம் நாட்டுக் கண்மாயைக் கொண்டு இதை விளக்குவது எளிது. மாடக்குளம் கண்மாயைப் போன்ற ஒரு கண்மாயை மனத்தில் கொள்ளுங்கள். மழைக்காலந்தோறும் நீரோடு வண்டலும் வந்து படிகிறது. கரம்பை வாரி எடுக்காமல் இருபது ஆண்டுகள் விட்டால், அடியில் ஆள் உயரத்திற்கு மண் ஏறிவிடுகிறது. கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிவது தெரியும். நிறைந்திருப்பது உண்மைதான், ஆனால் நிறைந்த நீரின் அளவு பாதியாகக் குறைந்துவிட்டது. வைகை அணைக்கும் இது பொருந்தும். 1959இல் திறக்கப்பட்ட அந்த அணையின் முழு உயரம் 71 அடி. செய்தித்தாளில் நாள்தோறும் அடிக்கணக்கைத்தான் போடுகிறார்கள். அன்றும் 71 அடி, இன்றும் 71 அடி. ஆயினும் வண்டல் படிந்தபின் அந்த 71 அடிக்குள் நிற்கும் நீர் அன்று நின்ற அளவு அன்று. பாட்டரியின் 100 விழுக்காடு என்பதும் இத்தகைய அடிக்கணக்கே. எதில் நூற்றுக்கு நூறு என்பதை அது சொல்வதில்லை.

இது முதல் நோய், கொள்ளளவு குறைதல். இரண்டாவது நோய் மடையில் உள்ளது. கண்மாயில் நீர் இருந்தும் மடைவாயில் சேறு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு வயலுக்குக் கசிய விட்டால் ஒருவாறு பாயும். நாற்று நடும் நாளில் பத்து வயலுக்கு ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், வாய்க்காலில் நீர் ஏறாது. பாட்டரியில் இந்த அடைப்புக்கு அகமின்தடை என்று பெயர்.

வண்டலும் சேறும் பாட்டரிக்குள் எங்கிருந்து வந்தன? மடிக்கணினியின் பாட்டரியில் உள்ளவை லித்தியம் அயனிக் கலங்கள். ஒருபுறம் கிராபைட் என்னும் கரித்தகடு. மறுபுறம் கோபால்ட்டு முதலிய உலோகங்களின் ஆக்சைடு. இடையில் மின்பகுளித் திரவம். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து புறப்பட்டுக் கரியின் அடுக்குகளுக்குள் சென்று தங்குகின்றன. கணினி இயங்கும்போது வந்த வழியே திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்து முழுதும் ஒழுங்காக நடந்தால் பாட்டரிக்கு முதுமையே வராது. ஆனால் கரியும் மின்பகுளியும் தொடும் இடத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. முதல் மின்னேற்றத்திலேயே அது தோன்றிவிடும். தோன்றியே ஆகவேண்டும், அதுதான் கரியைக் காக்கிறது. தீங்கு என்னவெனில், அது வளர்வதை நிறுத்துவதில்லை. வளரும்போது லித்தியத்தைத் தின்று வளர்கிறது. ஆகவே கொள்ளளவு குறைகிறது. தடித்துக்கொண்டே போவதால் அயனிகளின் வழி இறுகுகிறது. ஆகவே தடை கூடுகிறது. வண்டலும் அதுவே, மடையடைப்பும் அதுவே எனலாம். ஏறத்தாழ 300 முதல் 500 முறை முழுமையாக ஏற்றி இறக்கிய பாட்டரி, தன் முதற்கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். பயன்படுத்தாமல் வைத்தாலும் படலம் வளரும் என்பதை மறக்கலாகாது.

பழைய மடிக்கணினி ஒன்றின் பாட்டரியைக் கழற்றி அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 10.8 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர் மணி, 48 வாட் மணி என்பது போன்ற எண்கள் இருக்கும். அதற்குள் விரல் போன்ற உருண்டைக் கலங்கள் ஆறு உள்ளன. ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து மூன்று இணைகளாக்கி, அம்மூன்றையும் தொடர் இணைப்பில் கோத்திருக்கிறார்கள். ஒரு கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், மூன்று தொடரானால் 10.8. ஒரு கலம் 2200. இரண்டு பக்கமானால் 4400. பெருக்கிப் பாருங்கள், 48 வாட் மணிக்கு மிக அருகில் வரும். பத்தாம் வகுப்பில் படித்த தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் இதோ கையில் இருக்கின்றன!

இப்பொழுது அந்தத் திடீர் இருட்டுக்கு வருவோம். முழுதாக மின்னேறிய கலம் 4.2 வோல்ட் காட்டும். அது 3 வோல்ட்டு அளவுக்கு இறங்கியதும் மேலும் இறக்கக்கூடாது. இறக்கினால் கலம் நிலையாகக் கெடும். ஆகவே பாட்டரிக்குள் ஒரு காவற்சுற்று அமர்ந்திருக்கிறது. மூன்று கலத் தொடர் 9 வோல்ட்டைத் தொட்டதும் அது கதவைச் சாத்திவிடும். அதற்கு விழுக்காட்டுக் கணக்கெல்லாம் தெரியாது. மின்னழுத்தம் ஒன்றுதான் தெரியும்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். பாட்டரி மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருக்கும் நிலையில், சுமை இல்லாதபோது அதன் மின்னழுத்தம் 10.8 வோல்ட் என்று கொள்க. புதிய பாட்டரியின் அகமின்தடை 0.15 ஓம், பழையதன் தடை 0.6 ஓம் என்க. கணினி 3 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஓமின் விதிப்படி, புதிய பாட்டரிக்குள்ளேயே இழக்கப்படும் மின்னழுத்தம் 0.45 வோல்ட், வெளியே 10.35 கிடைக்கும். கவலையில்லை. பழையதில் 1.8 வோல்ட் உள்ளேயே போய்விடுகிறது. வெளியே கிடைப்பது 9 வோல்ட். காவற்சுற்று உடனே கதவைச் சாத்திவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்கும்போதே கணினி அணைகிறது! அதே பழைய பாட்டரியில், திரையின் ஒளியைத் தாழ்த்திக்கொண்டு வெறும் எழுத்துவேலை மட்டும் செய்து 1 ஆம்பியரே இழுத்தால், இழப்பு 0.6 வோல்ட், வெளியே 10.2 நிற்கும், கணினி ஓடிக்கொண்டிருக்கும். படம் பார்க்கத் தொடங்கியதும் ஏன் அணைகிறது, எழுதும்போது ஏன் அணைவதில்லை என்ற புதிருக்கு விடை இதுதான்.

தொடர் இணைப்பினால் வரும் சங்கடம் ஒன்றும் உண்டு. மூன்று இணைகளும் ஒரே சீராக மூப்படைவதில்லை. கணினியின் சூடான பகுதியை ஒட்டியிருக்கும் இணை முதலில் தளர்கிறது. நல்ல பாட்டரிகளில் காவற்சுற்று ஒவ்வோர் இணையையும் தனித்தனியே கவனிக்கும். ஒன்று 3 வோல்ட்டுக்கு வந்தாலும், மற்ற இரண்டும் நல்ல நிலையில் இருந்தாலும், கதவு சாத்தப்படும்.

அப்படியானால் திரையில் காணும் விழுக்காடு ஏன் இவற்றையெல்லாம் முன்கூட்டிச் சொல்வதில்லை? அது அளந்து சொல்லும் எண் அன்று. கணக்கிட்டுச் சொல்லும் எண். கண்மாய்க்குள் இறங்கிப் பாராமல், கால்வாயில் எவ்வளவு வந்தது, மடையில் எவ்வளவு போயிற்று என்று ஏட்டில் மட்டும் எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டரிக்குள் இருக்கும் சிறு சில்லு ஒன்று அந்த வேலையைத்தான் செய்கிறது. உள்ளே வந்த மின்னூட்டத்தைக் கூட்டி, வெளியே சென்றதைக் கழித்து, மீதி இவ்வளவு என்று எழுதுகிறது. மொத்தக் கொள்ளளவு எவ்வளவு என்பதை அது எப்பொழுது திருத்திக்கொள்ளும்? பெரும்பாலும், முழுதாக நிறைந்து முழுதாக வடியும் ஒரு சுற்று நடக்கும்போதுதான். மின்னேற்றியைச் செருகியபடியே மாதக்கணக்காக வேலை செய்பவர் வீட்டில் அந்தச் சுற்று நிகழ்வதே இல்லை. ஆகவே கணக்குப்பிள்ளை ஈராண்டுக்கு முந்திய கொள்ளளவையே உண்மை என்று கருதி, மேன்மேலும் எழுதிக்கொண்டு போகிறார். ஒருநாள் மின்சாரம் போகிறது. அன்றுதான் ஏடும் கண்மாயும் நேருக்கு நேர் சந்திக்கின்றன.

நோயை அறிந்தோம், இனி நம் வீட்டுக் கணினிக்கு வந்திருப்பது எது என்று ஆராயும் முறையைப் பார்ப்போம். முதலாவது, குற்றவாளி பாட்டரிதானா என்று உறுதி செய்ய வேண்டும். அடியில் இரண்டு தாழ்களைத் தள்ளிப் பாட்டரியைக் கழற்றக்கூடிய பழைய கணினியாயின், அணைத்துவிட்டு அதனைக் கழற்றி வைத்து, மின்னேற்றியின் துணையால் மட்டும் அரைமணி நேரம் கடினமான வேலை கொடுங்கள். அப்பொழுதும் அணைந்தால் பாட்டரிமேல் பழி போடுவது நியாயமன்று. உள்ளே விசிறியில் தூசி அடைத்துக் கணினி சூடேறி அணைகிறது, அல்லது மின்னேற்றியின் செருகுவாய் தளர்ந்திருக்கிறது. நம் பக்கத்துப் புழுதிக்கு விசிறி அடைத்துக்கொள்வது அரிதான செய்தியன்று. பாட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட புதிய கணினியாயின் கழற்ற முயல வேண்டாம். மின்னேற்றி செருகியிருக்கும்போதும் அணைகிறதா என்று பார்த்தாலே போதும்.

அடுத்து, கணக்குப்பிள்ளையின் ஏட்டையே வாங்கிப் படிக்கலாம். விண்டோஸ் உள்ள கணினியில் கட்டளை வரியைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடு இட்டு, அதனையொட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்தெழுதினால், அறிக்கை ஒன்று கோப்பாக வந்துவிடும். அதில் இரண்டு எண்கள்தாம் நமக்கு முக்கியம். ஒன்று ஆலையில் வகுத்த கொள்ளளவு. மற்றொன்று இன்று முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவு. முன்னது 48,000 மில்லிவாட் மணி, பின்னது 21,000 என்றிருந்தால், பாதிக்கும் மேல் மண் ஏறிவிட்டது என்று பொருள். 16 வாட் செலவிடும் கணினி முன்பு மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். இனி ஒரு மணி இருபது நிமிடத்தை எதிர்பார்க்கலாம். பின்னதும் முன்னதும் ஏறத்தாழச் சமமாக இருக்க, கணினி மட்டும் திடீரென்று அணைகிறதென்றால், ஏடு திருத்தப்படவில்லை என்று ஐயுறுங்கள்.

ஏட்டைத் திருத்தும் வழி எளிது. பாட்டரியை 100 வரை ஏற்றி, மேலும் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். பின்பு மின்னேற்றியை எடுத்துவிட்டு, முக்கியமான வேலை ஏதும் இல்லாத பொழுதில், கணினி தானே உறங்கும்வரை மெல்லிய வேலையில் ஓடவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இடையில் நிறுத்தாமல் மீண்டும் முழுதாக ஏற்றுங்கள். இவ்வாறு செய்தபின் குறி நேர்மையாக இறங்கத் தொடங்கினால் மகிழ்ச்சி, செலவில்லாமல் தீர்ந்தது. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். நாள்தோறும் செய்வது பாட்டரியைத் தேய்க்கும் வேலை.

இதன் பின்னும் அணைகிறதா? அணையும் விதத்தை உற்றுப் பாருங்கள். குறி 40இலிருந்து 7க்குத் தாவிக் குதித்தபின்னும் கணினி நெடுநேரம் ஓடினால், பிழை ஏட்டில். அணைந்துபோன கணினியை மின்னேற்றி இன்றியே பத்து நிமிடம் ஆறவிட்டு இயக்கினால் மீண்டும் சற்று நேரம் ஓடுகிறதென்றால், நோய் மடையடைப்பு, அஃதாவது அகமின்தடை. மங்கிப்போன கைவிளக்கைச் சற்றுநேரம் அணைத்து வைத்துப் போட்டால் மறுபடி பளிச்சென்று எரிவதைக் கண்டிருப்பீர்கள். சுமையை இறக்கினால் மின்னழுத்தம் சிறிது மீளும். அந்தத் தத்துவமே இங்கும்.

அகமின்தடை கூடிய பாட்டரிக்கு மருந்தில்லை. குளிர்பெட்டிக்குள் வைத்தால் உயிர் வரும் என்று கேள்விப்பட்டுச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஈரம் புகுவதுதான் மிச்சம். முழுதாக வடித்துவிட்டே ஏற்ற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவதும் உண்டு. அது பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிக்குச் சொன்ன வழக்கம்; லித்தியத்திற்கு ஆகாது. மருந்தில்லாவிட்டாலும் பத்தியம் உண்டு. 35இல் அணைகிறதென்று தெரிந்துவிட்டால், கணினியின் மின்திட்ட அமைப்பில் அபாய எல்லையை 40க்கு உயர்த்தி, அந்த எல்லையில் வேலையைச் சேமித்துக்கொண்டு ஆழ்ந்து உறங்குமாறு கட்டளையிட்டு வையுங்கள். திடீர் மரணம் திட்டமிட்ட உறக்கமாக மாறிவிடும். திரையொளியைத் தாழ்த்துங்கள். இணைய வகுப்பையும் படத்தையும் மின்னேற்றி செருகிப் பாருங்கள். எழுத்துவேலைக்குப் பாட்டரியை நம்புங்கள். கலந்தாய்வு நாளில் மட்டும் அந்த நம்பிக்கையும் வேண்டாம். மின்னேற்றியோடு, மின்தடை வராத இடம் பார்த்து உட்காருங்கள்.

புதிய பாட்டரி வாங்குவதென்று முடிவானால் இரண்டு செய்திகள். 10.8 என்றும் 11.1 என்றும் போட்டிருப்பவை இரண்டும் மூன்று கலத் தொடரே; பெயரிடும் வழக்கில்தான் வேறுபாடு. 14.4 அல்லது 14.8 என்றிருப்பது நான்கு கலத் தொடர். முன்னதற்குப் பதிலாக அதனைப் போடலாகாது. மலிவு விலையில் விற்கும் தனிக்கலங்களின்மேல் 9900 என்று அச்சிட்டிருப்பதைக் கண்டால் வாங்காதீர்கள். அந்த அளவுள்ள உருண்டைக் கலத்தில், இன்று கிடைக்கும் மிகச் சிறந்ததும் 4000ஐ ஒட்டியே நிற்கிறது.

மதுரையின் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது நீங்கள் படித்திருக்கும் தோராய விதி. நான் மேலே சொன்ன படலத்தின் வளர்ச்சியும் வேதிவினையே. சித்திரை வைகாசியில் நம் ஊரில் வெப்பம் 40 பாகையைத் தொடுகிறது. தகரக் கூரையின் கீழும், நிறுத்தி வைத்த வண்டிக்குள்ளும் அதற்கும் மேல். முழுதாக மின்னேற்றிய நிலையும் வெப்பமும் சேர்ந்தால் பாட்டரிக்கு அதைவிடக் கேடு வேறில்லை. விடுமுறையில் ஒரு மாதம் தொடாமல் வைப்பதானால், பாதி அளவு ஏற்றி, நிழலான இடத்தில் வையுங்கள். 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும் வசதி இப்பொழுது பல கணினிகளில் இருக்கிறது; எப்பொழுதும் மேசையில் செருகியே வைப்பவர்கள் அதனைப் பயன்படுத்த வேண்டும். மெத்தைமேலும் தலையணைமேலும் கணினியை வைத்து வேலை செய்வது காற்றுத் துளைகளை மூடிச் சூட்டை வளர்க்கும். மரப்பலகை ஒன்று போதும்.

ஆராய்ச்சியெல்லாம் நிறுத்திவிட்டு உடனே செயற்பட வேண்டிய நிலையும் ஒன்று உண்டு. தொடுபலகை மேலெழும்புவது, கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடுவது, மூடி பொருந்தாமல் இடைவெளி விடுவது ஆகியவை பாட்டரி உள்ளே வீங்கிவிட்டதன் அடையாளங்கள். மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. அதனை ஏற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தி வாயுவை விடலாம் என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றுவது. பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்து நீக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சங்கடம் தரும் பொருளை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். எடைக்கு எடை இவ்வளவு ஆற்றலைத் தாங்கி, நூற்றுக்கணக்கான முறை திரும்ப ஏற்றத்தக்கதாய், கையில் தூக்கிச் செல்லத்தக்க வேறொன்று இன்னும் பரவலாகக் கைக்கு வரவில்லை. 1970களில் விட்டிங்காம் தொடங்கியதை, 1980இல் குடினஃப் கோபால்ட்டு ஆக்சைடு கண்டு வலுவாக்கினார். 1985இல் யோஷினோ கரியைச் சேர்த்துப் பாதுகாப்பானதாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது குடினஃபுக்கு வயது 97. படலம் வளராமல் தடுப்பதெப்படி, கோபால்ட்டைக் குறைப்பதெப்படி என்ற ஆராய்ச்சி உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்காக நீங்கள் கடல் கடந்து போக வேண்டும் என்பதில்லை. மதுரையிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேருவால் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. லித்தியம் பாட்டரி அங்கே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் பொருள்.

ஓய்ந்துபோன பாட்டரியை என்ன செய்வது? குப்பைத் தொட்டியில் போடலாகாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இந்தியாவில் 2022இல் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியிருக்கின்றன. ஆகவே புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். கொடுக்கும்வரை அதன் உலோக முனைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத உலர்ந்த இடத்தில், சாவிக்கொத்தோ நாணயமோ படாதபடி தனியே வைத்திருங்கள்.